வெள்ளைக் கதவு

லூத்தரன் சர்ச்சின் சாப்பாட்டுக் கடையில் பன்றித் தொடைக்கறியை வில்லை வில்லையாக அரிந்துகொண்டிருந்த மார்லிஸ், ஒலிபெருக்கியில் தன் புருஷன் பெயரைக் கேட்டதும் கத்தியை அப்படியே நிறுத்தினாள்.

கவுண்டி என்கிற அந்த மாவட்டத்தின் வருஷத் திருவிழாவுக்குக் கடைசி நாள், ஞாயிறு மத்தியானம். பந்தயத் திடலில் அன்றைக்கு டெர்பி. பழைய கார்களைத் திடலில் இறக்கி, ஒன்றே ஒன்று நகர்கிற நிலை வரும்வரை ஒன்றையொன்று இடித்து நொறுக்குகிற கூத்து அது. யார் யார் இறங்குகிறார்கள் என்று வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"மூணாவது சுத்துல நம்ம வேட் லிண்ட்ஸ்ட்ரம். அப்புறம் கேட்டுக்கங்க, நம்ம டெல்மர் டாலஃப்சன்! பையன் கோல்பி தயார் பண்ணி வெச்ச காரை அப்பாவே ஓட்டுறாரு. தொப்பியைக் கழட்டுங்கப்பா!"

சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றவர்கள் மார்லிஸைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். இரண்டு பேர் நிஜமாகவே தொப்பியைக் கழற்றினார்கள். ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த ஆர்டிஸ், அவள் டெல்மரின் தங்கை, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ மூச்சே விடலையே மார்லிஸ்! எவ்ளோ நல்ல யோசனை. கோல்பி மேலேர்ந்து பாத்து சிரிப்பான்."

எனக்கே இப்போதுதான் தெரியும் என்று சொல்ல வாய்வரை வந்தது. ஆனால் வரிசையில் மூன்றாவது ஆளாகப் பாஸ்டரம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"ஆமா, நல்லாத்தான் இருக்கும்" என்றாள் மார்லிஸ்.

எங்கள் மின்னசோட்டா ஜனங்களின் சுபாவமே இதுதான். கூரை பற்றி எரிந்தாலும் "கொஞ்சம் புழுக்கமா இருக்கு, இல்ல?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். யாரையும் சங்கடப்படுத்திவிடக் கூடாது. இந்த மரியாதையில் எத்தனை பேர் மூச்சுமுட்டிச் செத்திருப்பார்கள் என்பதற்கு எந்த சர்ச்சிலும் கணக்குக் கிடையாது.

காலையில் டெல்மர் சொல்லிவிட்டுப் போனது வேறு. அவன் தம்பி வீட்டில் வைக்கோல் கட்டுகிற மெஷின் பழுதாம், போய்ப் பார்க்க வேண்டுமாம். "சரி, மெதுவா வா" என்றாள். "நன்றி" என்றான். முப்பத்துநான்கு வருஷம் ஒன்றாகக் குடித்தனம் செய்கிறவர்கள் காபிக்கும் உப்புக்கும் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொள்கிற வீடாகிவிட்டது அது. ஒரே கூரையின் கீழ் இரண்டு விருந்தாளிகள்.

எல்லாம் மார்ச் மாதத்திலிருந்து. குளிர்காலம் முழுக்க உறைந்த ஏரியின் மேல் நிறுத்தி வைத்திருந்த மீன்பிடிக் குடிலைக் ஐஸ் இளகுமுன் சர்க்கார் வைக்கிற கெடுவுக்குள் கரைக்கு இழுத்துவிட வேண்டும். ஒவ்வொரு வருஷமும் எல்லோரும் கடைசி நாள்வரை இழுத்தடிப்பார்கள். மீன் நன்றாகக் கடிப்பது அப்போதுதான். கோல்பி வண்டியை எடுத்துக்கொண்டு போனான். கரையில் நின்று அப்பாவுக்கு போன் செய்தான். டெல்மர் மாட்டுக்கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்தான். மெஷின் சத்தத்தில் கேட்காதென்று போனை ஸ்பீக்கரில் போட்டான். பக்கத்தில் வாளி கழுவிக்கொண்டிருந்த மார்லிஸின் காதிலும் மகன் குரல் விழுந்தது.

"அப்பா, ஐஸ் தாங்குமா?"

"தாங்கும்டா. போன வாரம் நானே தோண்டிப் பாத்தேன். போ."

தாங்கவில்லை. இருபத்தி இரண்டு வயசு.

அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, மார்லிஸ் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: "யார் மேலயும் தப்பு இல்ல. ஏரி அப்படி." சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது டெல்மர் தன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அது பொய்யென்று அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். அதற்கப்புறம் இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மார்லிஸ் ஏப்ரனை அவிழ்த்து ஆர்டிஸ் கையில் கொடுத்தாள். "கொஞ்சம் பாத்துக்கோ. போய் அவனுக்கு ஆல் தி பெஸ்ட் சொல்லிட்டு வந்துடறேன்."

ராட்டினங்களைத் தாண்டி, எலுமிச்சைச் சாறு கடை தாண்டி, பரிசு வாங்கிய பசுக்களைக் குளிப்பாட்டுகிற கொட்டகை தாண்டி நடந்தாள். வழியெல்லாம் ஆட்கள் நிறுத்தினார்கள். "பெரிய மனசு வேணும் மார்லிஸ்." "டெல்மர் ஒரு சிங்கம்." பஞ்சுமிட்டாய் வைத்திருந்த ஒரு பெண் அவளைக் கட்டிப்பிடித்தே விட்டாள். ஒவ்வொருவரிடமும் நின்று நன்றி சொல்லித் தொலைத்துவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது.

திடலுக்குப் பின்னால் கார்கள் வரிசையாக நின்றன. கண்ணாடி ஒன்றுகூடக் கிடையாது. கதவுகளை வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தார்கள். ஓட்டுகிறவன் ஜன்னல் வழியாகத்தான் ஏறி இறங்க வேண்டும். ஓட்டுநர் பக்கத்துக் கதவுக்கு மட்டும் வெள்ளை பெயின்ட். அந்தக் கதவில் இடிக்கக் கூடாது என்பது டெர்பியின் முதல் சட்டம், ஏனென்றால் அதன் பின்னால் இருப்பது மனுஷன். கதவோரம் ஒரு மரப்பட்டி நிமிர்ந்து நிற்கும். போதும் என்று தோன்றுகிறவன் கையை நீட்டி அதை ஒடித்துப் போட்டால், அதற்கப்புறம் அவனை யாரும் தொட மாட்டார்கள்.

கோல்பியின் ஆரஞ்சு நிறக் கார் கோடியில் நின்றது. டிக்கியில் அவன் கைப்பட எழுதிய எழுத்து: "அம்மா, கண்ண மூடிக்கோ." டெர்பியில் இறங்கக் கூடாதென்று அவள் ஒரு குளிர்காலம் முழுக்கச் சண்டை போட்டதற்கு அவன் சொன்ன சமாதானம் அது. அவள் சிரித்துவிட்டாள், அவன் ஜெயித்துவிட்டான். இந்த ஐந்து மாதத்தில் டெல்மர் இல்லாத நேரங்களில் ஷெட்டுக்குப் போய் அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அது சப்பளிந்து போகும். டெல்மர் ஏன் இதை மறைத்தான் என்ற கேள்விக்கு முன்னால் அந்த வேதனைகூட இப்போது இரண்டாம்பட்சமாக இருந்தது.

டெல்மர் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தான். மகனின் ஹெல்மெட் அவனுக்கு இறுக்கமாக இருந்தது. கன்னச் சதை பிதுங்கியது.

"தம்பி மெஷின் சரியாயிடுச்சா?" என்று கேட்டாள். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

"ஆயிடுச்சு."

"முதுகு வலியோட எதுக்கு இதெல்லாம்?"

"கோல்பி ஆரம்பிச்சது. யாராவது முடிக்கணும் இல்ல." அவளைப் பார்க்காமல் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "சாயங்காலம் வேட் வந்து பால் கறந்துடுவான். சொல்லி வெச்சிருக்கேன். நாளைக்கும் வருவான். அந்தச் செவலை மாட்டுக்கு மடி வீங்கிருக்கு, டாக்டர் நம்பர் கதவுல ஒட்டியிருக்கேன்."

டெர்பி நாலு மணிக்குள் முடிந்துவிடும். கொட்டகை இருப்பது பத்து மைலில். காய்ச்சல் வந்தாலும் பால் கறக்க அடுத்தவனைக் கூப்பிடாத மனுஷன், நாளைக்கும் சேர்த்து ஆள் சொல்லி வைத்திருக்கிறான்.

ஜன்னல் விளிம்பைப் பிடித்தாள். இறங்கு என்று கத்தியிருக்க வேண்டும். பக்கத்துக் காருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவர்கள் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அந்தப் பாழாய்ப்போன அன்பான புன்னகையோடு.

"பாத்து ஓட்டு" என்றாள்.

"நன்றி" என்றான் டெல்மர்.

நேரே வேட் லிண்ட்ஸ்ட்ரமின் கார் பக்கம் ஓடினாள். கோல்பியோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். பாதி நாள் அவள் வீட்டில்தான் சாப்பிட்டு வளர்ந்தான். சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருவன்.

"வேட், நாளைக்கும் பால் கறக்க வரச் சொன்னாரா உன்னை?"

"ஆமா ஆன்ட்டி. எங்கயோ போகணும்னாரு. நீங்க ரெண்டு பேரும் எங்கயோ கிளம்புறீங்கன்னு நெனச்சேன்."

"நாங்க எங்கயும் போகல."

அவன் கொஞ்ச நேரம் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு தூரத்தில் ஆரஞ்சுக் காரைப் பார்த்தான். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"அதிகாரிங்ககிட்ட சொல்லிடலாமா ஆன்ட்டி?"

"என்னன்னு சொல்றது? இத்தனை பேர் முன்னாடி அவரைப் பிடிச்சு இறக்குனா, அதுக்கப்புறம் அவரை வீட்டுல வெச்சு எப்படிக் காப்பாத்துவேன்?"

ஆட்டத்தை நடத்துகிற கொடிக்காரர் விசில் ஊதினார். வேட் ஹெல்மெட்டை மாட்டினான். "நான் பக்கத்துலயே இருக்கேன். நீங்க வேலிகிட்ட நில்லுங்க."

டெர்பிக்கு முன் திடலில் தண்ணீர் லாரி விட்டுச் சேறாக்கியிருந்தார்கள். எட்டுக் கார்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. கேலரி நிறைந்து வழிந்தது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். பத்திலிருந்து கீழே எண்ணி முடித்ததும் எட்டு இன்ஜினும் ஒன்றாக உறுமின.

நல்ல ஓட்டுநர் பின்பக்கத்தால் இடிப்பான், ரேடியேட்டரைக் காப்பாற்றுவான், தன் வெள்ளைக் கதவை வேலிப் பக்கமோ வெற்றிடத்தின் பக்கமோ திருப்பி வைத்துக்கொள்வான். முதல் சில நிமிஷம் டெல்மரும் அப்படித்தான் ஓட்டினான். டிக்கி சுருங்கியது. எழுத்துகள் மடங்கின. மார்லிஸ் கண்ணை மூடவில்லை. கேலரி "டெல்மர், டெல்மர்" என்று கத்தியது. ஒரு நீலக் கார் புகைந்து நின்றது. ஒன்றுக்குச் சக்கரம் கழன்றது. இரண்டு பேர் மரப்பட்டியை ஒடித்தார்கள். கடைசியில் மூன்று கார்கள் மிஞ்சின: டெல்மர், வேட், பக்கத்துக் கவுண்டியிலிருந்து வந்த யாரோ ஒருவனின் பச்சைக் கார்.

அப்போதுதான் டெல்மர் காரைத் திடலின் நடுவில் குறுக்காகத் திருப்பி நிறுத்தினான். வெள்ளைக் கதவு பச்சைக் காரைப் பார்த்தபடி இருந்தது.

பச்சைக் கார்க்காரன் பின்னால் திரும்பிப் பார்த்தபடி ரிவர்ஸில் வேகமாக வந்துகொண்டிருந்தான். டெல்மர் விலகிவிடுவான் என்று கணக்குப் போட்டிருப்பான், எவனும் விலகத்தான் செய்வான். டெல்மர் நகரவில்லை. வேட் மட்டும் நகர்ந்தான். ஓரத்திலிருந்து சீறி வந்து இரண்டுக்கும் நடுவில் நுழைந்தான். பச்சைக் காரின் பின்பக்கம் வேட்டின் முகப்பை நொறுக்கித் தள்ளியது. ஆவி பொங்கியது. வேட்டின் இன்ஜின் இருமிவிட்டு அடங்கியது.

"என்னப்பா இது, வேட் தானாப் போய் இடி வாங்கிக்கிட்டான்!" என்று ஒலிபெருக்கி சிரித்தது.

வேட் மரப்பட்டியை ஒடித்து எறிந்துவிட்டு, ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டி, பச்சைக் காரைப் பார்த்து இரண்டு கையையும் குறுக்கே ஆட்டினான். வேண்டாம், வேண்டாம்.

இப்போது இரண்டே கார்கள். ஒரு நிமிஷத்துக்குள் இடிக்காதவன் ஆட்டத்திலிருந்து நீக்கப்படுவான் என்பது சட்டம். பச்சைக் கார்க்காரன் வலப்பக்கம் சுற்றி வந்தான். டெல்மர் காரைத் திருப்பிக் கதவைக் காட்டினான். இடப்பக்கம் வந்தான், மறுபடியும் கதவு. கேலரிக்கு ஒன்றும் புரியவில்லை, சிலர் கூச்சலிட்டார்கள். டெல்மர் கையை வெளியே நீட்டினான். மரப்பட்டி கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. அதைத் தொடாமல், வா, வா என்று பச்சைக் காரை அழைத்தான்.

மார்லிஸ் வேலிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். கடவுளை ஐந்து மாதமாகக் கூப்பிடவில்லை. இப்போது கூப்பிட்டாள்.

பச்சைக் கார் நின்றது. உள்ளே இருந்தவன் டெல்மரின் கையைப் பார்த்தான், வேட்டைப் பார்த்தான், மறுபடியும் அந்தக் கதவைப் பார்த்தான். எந்த ஊர்க்காரனோ, என்ன பெயரோ, எவ்வளவு நாள் ராப்பகலாக அந்தக் காரைத் தயார் செய்தானோ. தன் கையை நீட்டித் தன் மரப்பட்டியை ஒடித்தான்.

பிறகு ஒலிபெருக்கிக்காரருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டதாகத் தோன்றியது.

"ஜனங்களே! பாத்தீங்களா? கோல்பிக்காக விட்டுக்குடுத்துட்டாங்க! இதுதாங்க நம்ம ஊரு!"

கேலரி மொத்தமும் எழுந்து நின்றது. தொப்பிகள் நெஞ்சுக்கு வந்தன. அழுதார்கள், கை தட்டினார்கள். பாஸ்டரம்மா இரண்டு கையையும் வானத்துக்கு உயர்த்தினாள். அத்தனை ஆயிரம் பேரும் ஓர் அஞ்சலியைக் கண்ணால் கண்டதாக நினைத்து வீட்டுக்குப் போனார்கள். இன்றைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆரஞ்சுக் காரின் இன்ஜின் மட்டும் ஓய்வதாக இல்லை. டெல்மர் எதிரே இருந்த கான்கிரீட் தடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். மார்லிஸ் வேலியில் குனிந்து நுழைந்தாள். கொடிக்காரர் "மேடம், உள்ள வரக் கூடாது!" என்று ஓடி வந்தார்.

"தள்ளு" என்றாள். பெரியவர் ஒருவரிடம் வாழ்நாளில் அவள் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் தள்ளி நின்றார்.

சேற்றில் ஒரு செருப்பு மாட்டிக்கொண்டது. அதை விட்டுவிட்டு நடந்தாள். வெள்ளைக் கதவின் மேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றாள்.

"இன்ஜினை நிறுத்து டெல்மர்."

"பசங்க விட்டுட்டாங்க. நான் கேக்கவே இல்ல."

"நீ என்ன கேட்டேன்னு எனக்குத் தெரியும்."

"எல்லாரும் பாக்குறாங்க மார்லிஸ். வீட்டுல போய்ப் பேசிக்கலாம்."

"வீட்டுலதான் அஞ்சு மாசமா பேசலையே. நல்லா கேட்டுக்கோ. சர்ச்சுல நான் சொன்னது பொய். தப்பு உன்னுதுதான். அவன் கேட்டான், நீ போன்னு சொன்ன. நான் வாளி கழுவிக்கிட்டுக் கேட்டுட்டு நின்னேன். தினம் காலைல உன் மூஞ்சியைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் 'போ' கேக்குது."

டெல்மர் ஹெல்மெட்டுக்குள் மெல்லத் திரும்பினான். மார்ச் மாதத்துக்குப் பிறகு அவளை அன்றைக்குத்தான் முகத்துக்கு நேராகப் பார்த்தான். அடிவாங்கினவன் முகமாக இல்லை அது. ரொம்ப நாளாக யாராவது கதவைத் தட்ட மாட்டார்களா என்று உள்ளே உட்கார்ந்திருந்தவன் முகமாக இருந்தது.

"ஏன் இத்தனை நாள் சொல்லல?"

"சொன்னா நீ செத்துப்போயிடுவேன்னு பயந்தேன். சொல்லாம இருந்ததுக்கும் நீ இங்கதான் வந்து நிக்கற." அவள் கண்ணில் நீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. "என் கோவம் போகாது டெல்மர். நாளைக்கும் இருக்கும், கிறிஸ்மஸுக்கும் இருக்கும். நீயும் போயிட்டா அதை நான் யார்கிட்ட காட்டுறது? அவனைப் பத்தி யார்கிட்ட பேசறது? அவன் சின்னதுல எப்படி இருந்தான்னு இந்த உலகத்துல வேற யாருக்குத் தெரியும்? இறங்கு. திட்டு வாங்கிக்கிட்டே இரு. ஆனா இரு."

அவன் சுவிட்சைத் தட்டினான். இன்ஜின் நின்றது. கேலரியின் கைதட்டல் அப்போதுதான் அவர்கள் காதில் விழுந்தது.

கதவு திறக்காது. அறுபத்தியொரு வயசு உடம்பு, கெட்டுப்போன முதுகு, ஜன்னலோ சின்னது. தலையும் தோளும் வெளியே வந்தன, அதற்கு மேல் வரவில்லை. மார்லிஸ் அவன் அக்குளுக்கடியில் கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். வேட் ஓடி வந்து ஒரு பக்கம் பிடித்தான். பச்சைக் கார்க்காரனும் வந்தான். பார்த்தால் வேட் வயசுதான் இருக்கும், ஒரு வார்த்தை பேசாமல் மறுபக்கம் பிடித்தான்.

பாதி உள்ளே, பாதி வெளியே தொங்கியபடி டெல்மர் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். அடக்கத்தன்றுகூட அழாதவன்.

"கேட்டான் மார்லிஸ். தாங்குமாப்பான்னு கேட்டான்."

"கேட்டான்" என்றாள் அவள்.

"நான் போன்னு சொல்லிட்டேன்."

"சொல்லிட்ட." பிடியை அவள் விடவில்லை. சேற்றில் கால் வழுக்கியது, மறுபடி ஊன்றிக்கொண்டாள். "இடது கால் ஸீட்டுல மாட்டிருக்கு. அதை எடு. அவசரம் இல்ல, நான் பிடிச்சிருக்கேன். எடு."